இருபத்திரண்டு எழுத்துக்குள் ஒரு பெயர்

தங்கை மகள் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு மாத விடுமுறையில் மதுரைக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை, சட்னி அரைபட்டு வரும்வரை போனைத் தள்ளிக்கொண்டிருந்தவள், "மாமா, எவனோ என் கார்டுல பதினஞ்சு டாலர் எடுத்திருக்கான்" என்றாள். சரியாகச் சொன்னால் 14.99 டாலர். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். பெயரா, தட்டச்சுப் பிழையா என்று சொல்ல முடியாத எழுத்துக் கூட்டம். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொலைபேசி எண்.

எனக்கும் பத்து நாளாக ஒரு வரி உறுத்திக்கொண்டிருந்தது. 299 ரூபாய், 'டெக்னாலஜிஸ் பிரை' என்று பாதியில் அறுந்த ஒரு பெயர், பெங்களூரு. 299 ரூபாய்க்காக வங்கிக்குப் போன் போட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நிற்கச் சோம்பலாக இருந்தது. எழுந்து போய் என் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டையும் எடுத்துவந்து அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இட்லி ஆறியது.

இரண்டும் ஒரே நோய் என்றுதான் முதலில் நினைத்தோம். துருவத் தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. வரி எழுதப்படும் விதம் இரு நாட்டிலும் ஒன்றுதான். அந்த வரிக்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும், பின்னால் நாம் என்ன செய்யலாம் என்பதில்தான் இந்தியாவும் அமெரிக்காவும் பிரிகின்றன. இங்கே, எடுப்பதற்கு முன் கதவைத் தட்டியாக வேண்டும். அங்கே தட்ட வேண்டாம். ஆனால் எடுத்த பிறகு சண்டை போட நீண்ட அவகாசம் உண்டு. எது மேல் என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு முன் அந்த வரியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டு மொய் நோட்டில் ஊர் பெயர் முதலில் வரும். பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஆள் பெயர், தொகை. ஒரே ஊரில் இரண்டு கருப்பையா இருந்தால் 'மேலத்தெரு' என்றோ 'டீக்கடை' என்றோ ஒரு சொல் கூடும். முப்பது வருஷத்துக்கு முந்தைய நோட்டைத் திறந்து அம்மா ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் சொல்லுவாள். எழுதும்போதே இதைப் பின்னால் ஒருவர் படித்துத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று எழுதுபவருக்குத் தெரியும். அதனால்தான் 'டீக்கடை'.

கார்டு வரியை எழுதுகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. கடைக்குள் நின்று அட்டையைத் தேய்த்த காலத்தில் பிறந்த அமைப்பு அது. வாங்கியவருக்கு எந்தக் கடை என்று தெரியும், சும்மா ஞாபகப்படுத்தினால் போதும் என்ற கணக்கு. கடைப் பெயருக்கு 22 முதல் 25 எழுத்து, ஊருக்கு 13, நாட்டுக்கு இரண்டோ மூன்றோ. திருச்சிராப்பள்ளிக்கு ஆங்கிலத்தில் 15 எழுத்து. பதின்மூன்றில் வெட்டினால் 'திருச்சிராப்பல்' என்று நிற்கும். ஊருக்கே இந்த கதி என்றால் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

அந்த இடத்தில் வந்து உட்காருவதும் நமக்குத் தெரிந்த பெயராக இருப்பதில்லை. செயலிக்கு ஒரு பெயர், அதை நடத்தும் கம்பெனி பதிவான பெயர் இன்னொன்று. வரியில் வருவது பல நேரம் இரண்டாவது. சின்னக் கடைகளும் தனி ஆள் நடத்தும் இணையத் தொழில்களும் வங்கியோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதில்லை. வசூல் செய்து தர ஒரு இடைத்தரகர் இருப்பார். அவர் பெயரின் சுருக்கம் முதலில், பிறகு ஒரு நட்சத்திரக் குறி, மிச்ச இடத்தில் கடைப் பெயர். அமெரிக்க ஸ்டேட்மென்டில் 'எஸ்க்யூ' போட்டு நட்சத்திரம் இருந்தால் ஸ்கொயர் கருவியில் தேய்த்தது. 'டிஎஸ்டி' என்றால் டோஸ்ட், அநேகமாக உணவகம். 'எஸ்பி' என்றால் ஷாப்பிஃபை வழியாக நடக்கும் கடை. பேபால் தன் முழுப் பெயரையும் போட்டுக்கொள்ளும், பிறகு கடைக்கு எங்கே இடம்? இன்னொரு வகைத் தரகர், சரக்கையே சட்டப்படி தானே விற்பதாகக் கணக்குக் காட்டுகிறவர். மென்பொருள் விற்பனையில் இது அதிகம். பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற பெயர்கள் வரியில் நிற்பது இதனால்தான். யாரோ ஒருவர் எழுதிய மென்பொருளை வாங்கியிருப்போம், பணம் பெற்றதாகத் தெரிவது இவர்கள். ஆப்பிள், கூகுள் கடைகளுக்குள் எடுத்த சந்தாக்கள் எல்லாம் அந்த இரண்டு பெயருக்குள் அடங்கிவிடும். அங்கே எது எது என்று பார்க்க ஸ்டேட்மென்டில் வழியே இல்லை. அந்தந்தக் கணக்கின் சந்தாப் பட்டியலுக்குள்தான் போக வேண்டும்.

அவள் வரியில் ஊருக்குப் பதில் தொலைபேசி எண் இருந்ததும் திருட்டுத்தனம் அல்ல. கடையே இல்லாத இணைய வியாபாரிக்கு ஊர் எதற்கு? வாடிக்கையாளர் சேவை எண்ணையோ இணைய முகவரியையோ அந்த இடத்தில் போடலாம் என்று அட்டை நிறுவனங்களே அனுமதித்திருக்கின்றன. உண்மையில் அது ஒரு வசதி. நம் ஊர் வரிகளில் அது இல்லாததன் விளைவு ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஸ்டேட்மென்டில் அச்சாகாத ஒரு துப்பும் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் அட்டை உலகில் எம்சிசி என்ற நான்கு இலக்க வகை எண் இருக்கிறது. 5968 என்றால் தொடர் சந்தா வியாபாரம். 5815 முதல் 5818 வரை பாட்டு, விளையாட்டு, மென்பொருள் போன்ற மின்னணுச் சரக்குகள். போனில் வங்கி ஊழியரிடம் "அந்தக் கடையின் எம்சிசி என்னங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முன்பொரு முறை நான் கேட்டபோது எதிர்முனையில் ஒரு மரியாதை கூடியதைக் காதால் உணர்ந்தேன்.

இவ்வளவும் இரு நாட்டுக்கும் பொது. இனிமேல்தான் பிரிவினை.

என் 299-ஐத் தேட எஸ்எம்எஸ் பெட்டியைப் பின்னோக்கித் தள்ளினேன். பணம் எடுத்ததற்கு முந்தைய நாள் காலையில் வங்கியின் செய்தி ஒன்று கிடந்தது: நாளை உங்கள் அட்டையிலிருந்து 299 ரூபாய் பிடிக்கப்படும், வேண்டாம் என்றால் இந்த இணைப்பு. அதற்கு மேலே தனிநபர் கடன் வேண்டுமா, கீழே நகைக்கடன் வேண்டுமா. நடுவில் சிக்கியதை நான் படிக்கவே இல்லை. ஆக, யாரும் திருடவில்லை. தட்டியிருக்கிறார்கள், எனக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை என்பது வேறு விஷயம். செய்தியிலும் அதே 'டெக்னாலஜிஸ் பிரை'. தட்டுகிறவர் முகத்தை மூடிக்கொண்டு தட்டினால் கதவைத் திறப்பதா, விடுவதா?

அந்தத் தட்டலுக்குப் பின்னால் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. 2009 ஆகஸ்ட் முதல் இந்திய அட்டையை இணையத்தில் பயன்படுத்த எண் மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. இன்று ஓடிபி என்று குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. 2014-இல் ஊபர் வெளிநாட்டு வங்கி வழியாக வசூல் செய்து இந்தப் பூட்டைத் தாண்டியபோது, அவ்வாண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதிச் சுற்றறிக்கையால் அந்தச் சந்தும் அடைபட்டது. ஆனால் மாதச் சந்தாவுக்கு மாதாமாதம் ஓடிபி கேட்டால் யார் கட்டுவார்கள்? அதற்கான பதில்தான் 2019 ஆகஸ்ட் 21-இல் வந்த இ-மேண்டேட் விதி. முதல் தடவை ஓடிபியோடு ஒப்புதல். பிறகு ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, அட்டை கொடுத்த வங்கி செய்தி அனுப்ப வேண்டும். யார், எவ்வளவு, எப்போது, எதற்கு என்ற விவரங்களோடு. அந்த ஒரு பிடித்தத்தையோ மொத்தச் சந்தாவையோ நிறுத்த வழி இருக்க வேண்டும். இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் காசு கேட்கக் கூடாது.

முதலில் உச்சவரம்பு 2,000 ரூபாய், பிறகு 5,000, 2022 ஜூனிலிருந்து 15,000. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பாக்கி மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஒரு லட்சம் வரை தளர்த்தினார்கள். வங்கிகளும் வியாபாரிகளும் தயாராகவில்லை என்று அவகாசம் கேட்டுக் கேட்டு, விதி முழுதாக நடைமுறைக்கு வந்தது 2021 அக்டோபர் 1. அன்று முதல் கொஞ்ச நாள் நாடெங்கும் சந்தாக்கள் பட்டுப்பட்டென்று அறுந்தன. பத்திரிகைச் சந்தா, மேகச் சேமிப்பு, நன்கொடை எல்லாம்தான். அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து அட்டை எண்ணைக் கடைகள் தம்மிடம் சேமித்து வைக்கவும் கூடாது என்றாயிற்று. எண்ணுக்குப் பதில் ஒரு டோக்கன்தான் அவர்களிடம் இருக்கும். அப்போது எரிச்சலோடு திட்டியவர்களில் நானும் ஒருவன். இன்று தங்கை மகளின் போனைப் பார்த்த பிறகு திட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏனென்றால் அவளுடைய 14.99-க்கு எந்தச் செய்தியும் வரவில்லை. பழைய ஸ்டேட்மென்ட்களைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி, அதே தொகை, அதே கோணல் பெயர். ஏழு மாதம். 104.93 டாலர். ஒரு படத்தைத் திருத்த வேண்டி, ஏழு நாள் இலவசம் என்ற செயலி ஒன்றில் கார்டு எண்ணைக் கொடுத்தது பிறகு ஞாபகம் வந்தது. "ஆனா மாமா, நாலு மாசம் முன்னாடி பர்ஸ் தொலைஞ்சு கார்டையே மாத்திட்டேனே. புது நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. பதில் கேட்டு அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே 'அப்டேட்டர்' என்ற சேவை நடத்துகின்றன. அட்டை மாறினால் வங்கி புது எண்ணை அங்கே சொல்லும். பழைய எண்ணை வைத்திருக்கும் வியாபாரி அங்கிருந்து புதியதை வாங்கிக்கொள்வார். மின்சாரக் கட்டணமும் காப்பீடும் அறுந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது. மறந்துபோன படத்திருத்தச் செயலிக்கும் அதே நல்லெண்ணம் கிடைக்கிறது. வீடு மாறிப் போனாலும் புது முகவரியைப் பால்காரருக்கு மட்டும் அல்லாமல் பழைய கடன்காரனுக்கும் தபால்காரர் சொல்லிவிடுவது மாதிரி. இந்தியாவில் அட்டை மாறினால் சந்தா பெரும்பாலும் அதோடு அறுந்து, நாமே போய்க் கட்ட வேண்டியிருக்கும். அங்கே அறுப்பதற்குத்தான் நாம் போக வேண்டும்.

சும்மா இருந்தால் சம்மதம் என்ற வியாபாரம் அமெரிக்காவில் இணையத்தோடு வந்ததல்ல. 1926-இல் தொடங்கிய 'புக் ஆஃப் தி மந்த்' சங்கம் அந்தச் சாலையைப் போட்டது: மாதம் ஒரு புத்தகம் வரும், வேண்டாம் என்றால் முன்கூட்டி எழுதிப் போடு, எழுதாவிட்டால் வேண்டும் என்று அர்த்தம். இதற்கு வரம்பு கட்ட ஃபெடரல் டிரேட் கமிஷன் 1973-இல் ஒரு விதி கொண்டுவந்தது. இணையம் வந்தபோது விஷயம் வேறு தளத்துக்குப் போனது. 2009-இல் செனட் குழு ஒன்று விசாரித்தபோது வெளிவந்த முறை இது: ஒரு கடையில் பூ வாங்கிப் பணம் கட்டி முடித்தவுடன் பத்து டாலர் தள்ளுபடி என்று ஒரு கட்டம் வரும், அழுத்தினால் வேறொரு கம்பெனியின் மாதச் சங்கத்தில் சேர்ந்துவிடுவோம். கார்டு எண்ணைத் திரும்பத் தட்டவே வேண்டாம், முதல் கடை அதை இரண்டாம் கம்பெனிக்குக் கைமாற்றிவிடும். இப்படி வளர்ந்த மூன்று கம்பெனிகளின் வருமானம் 140 கோடி டாலருக்கு மேல் என்றது அந்தக் குழு. 2010-இல் வந்த 'ராஸ்கா' சட்டம் இந்தக் கைமாற்றலைத் தடுத்தது. நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல், வெளிப்படையான ஒப்புதல் வாங்கு, நிறுத்த எளிய வழி கொடு என்றது. ஆனால் எளிது என்றால் எவ்வளவு எளிது?

சேருவதற்கு எத்தனை அழுத்தமோ விலகுவதற்கும் அத்தனைதான் என்ற கருத்தோடு 2024 அக்டோபரில் கமிஷன் ஒரு விதி எழுதியது. நடைமுறைக்கு வரவேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு, 2025 ஜூலை 8-இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதியை உருவாக்கிய நடைமுறையில் குறை என்று. ஆனால் ராஸ்கா இருக்கிறதே. அதை வைத்து அமேசான் மீது 2023-இல் போட்ட வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நூறு கோடி அபராதம், நூற்றைம்பது கோடி வாடிக்கையாளர்களுக்கு. தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் எனக்கு மறக்காத தகவல் ஒன்று: பிரைம் சந்தாவை நிறுத்தும் வழிக்கு உள்ளுக்குள் அவர்கள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்கிறது கமிஷனின் மனு. பத்து வருஷப் போரைப் பாடும் கிரேக்கக் காவியம். நம்மூர் ஆட்கள் என்றால் 'கன்னித்தீவு' என்று வைத்திருப்பார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் ஆண்டுச் சந்தா புதுப்பிப்புக்கு முன்னறிவிப்பு கேட்கின்றன. இலவசக் காலம் முடிந்து முதல் பிடித்தம் வருவதற்கு ஏழு நாள் முன்பாவது சொல்ல வேண்டும் என்று விசா 2020-இல் தன் வியாபாரிகளுக்கு விதித்தது. நம் பக்கமும் முழு வெள்ளை இல்லை. சந்தாப் பொறி உட்படப் பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் பட்டியலிட்டுத் தடை செய்தது. இங்கேயும் பொறி இருப்பதால்தானே பட்டியல்.

தட்டுவதில் நாம் மேல் என்று தங்கை மகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். "சரி, நிஜமாவே திருடன் எடுத்திருந்தா?"

இங்கேதான் தராசு சாய்கிறது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறான வரி முதலில் இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள் வரை எழுதி முறையிடலாம். வங்கி 30 நாளுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டு பில் சுற்றுக்குள், அதிகபட்சம் 90 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அந்தத் தொகையைக் கட்டாமல் வைத்திருக்கலாம். கட்டவில்லை என்று நம் கடன் வரலாற்றில் கறை வைக்க முடியாது. திருட்டு என்றால் நம் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். இது கிரெடிட் கார்டுக்கு. டெபிட் கார்டுக்கு வேறு சட்டம், அதில் இரண்டு வேலை நாளைத் தாண்டினாலே 50 டாலர் 500 ஆக முடியும்.

நம்முடைய கணக்கு 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் இருக்கிறது. வங்கி மீதும் தவறில்லை, நம் மீதும் தவறில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், செய்தி கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் கணக்கு வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் அது 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட கார்டுக்கு 25,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை, நம் அதிர்ஷ்டம். முறையிட்ட பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிக்க வேண்டும், வாடிக்கையாளர் மீது பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. எழுத்தில் நல்ல விதிதான். ஆனால் மூன்று நாள்!

யோசித்துப் பார்த்தால் இரண்டும் தத்தம் தர்க்கப்படி சரி. பணம் போன நொடியில் செய்தி வரும் ஊரில், மூன்று நாளில் சொல்லாதவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம் என்கிறது ரிசர்வ் வங்கி. செய்தியே கட்டாயமில்லாத ஊரில் ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். ஆனால் இந்தியக் கடிகாரம் ஓடுவது எஸ்எம்எஸ்ஸில். என்னைப் போல ஸ்டேட்மென்ட் வந்த பத்தாம் நாள் உறுத்துகிற ஆளுக்கு அது எப்போதோ நின்றிருக்கும். மாதம் முடிந்து கணக்குப் பார்க்கும் பழக்கமுள்ள தலைமுறைக்கு நம் விதி இரக்கம் காட்டவில்லை என்பதே என் எண்ணம். முன்கதவில் அமெரிக்காவைவிட நாம் நன்றாக இருக்கிறோம், பின்கதவில் அவர்கள். எனக்கு எது வேண்டும் என்றால் முன்கதவையே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் 299 ரூபாய்க்கு யாரும் சண்டை போடப் போவதில்லை. அந்தச் சோம்பலை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

திருடர்களுக்கும் அது தெரியும். 2010-இல் அமெரிக்கக் கமிஷன் அம்பலப்படுத்திய ஒரு கும்பல், நூற்றுக்கு மேற்பட்ட போலிக் கம்பெனிகளின் பெயரில் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் அட்டைகளில் 20 சென்ட் முதல் 10 டாலர் வரை எடுத்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. பெயர்களும் நிஜக் கம்பெனிகளைப் போலவே ஒலிக்கும்படி வைத்திருந்தார்கள். அதனால் தொகை சின்னது என்பதால் ஒரு வரியை நல்லது என்று நினைக்க முடியாது. போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் அதே தேதியை ஒட்டி அதே தொகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் கண்ட முதல் சோதனை. இருந்தால் அது பெரும்பாலும் மறந்துபோன சந்தா. புதிதாக, தனியாக, சில்லறையாக ஒரு வரி நின்றால் அன்றைக்கே அட்டையைப் பூட்டிவிட்டு வங்கிக்குச் சொல்ல வேண்டியதுதான். நம் மூன்று நாளில் ஒரு நாள் ஏற்கெனவே போயிருக்கும்.

தொகை ஒத்துவராமல் திகைக்க வைப்பது இந்திய அட்டைக்கே உரிய இன்னொரு தொல்லை. வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் பல அட்டைகளில் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம்; அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் பெறும் சந்தா 1,041 ரூபாய் 30 காசாகிவிடும், அதுவும் ஒரே வரியில் வராமல் வேறு தேதியில் தனித்தனி வரிகளாக. மாதம் 6 ரூபாய் 30 காசு யார் எடுக்கிறான் என்று ஒரு நண்பர் தேடிக்கொண்டிருந்தார், எடுத்தது அரசாங்கம். இதற்கு இங்கே ஒரு நல்ல பூட்டும் இருக்கிறது. 2020-க்குப் பின் கொடுக்கப்படும் அட்டைகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே வர வேண்டும், தேவைப்பட்டால் நாம் திறந்துகொள்ளலாம். திறந்த பிறகு மூட மறப்பதுதான் நம் பழக்கம். வெளிநாட்டுக் கடை ஒவ்வொரு மாதமும் புதுக் கொள்முதல் போல அனுப்பினால் ஓடிபி இல்லாமலே போய்விடும் ஓட்டையும் அங்கேதான் இருந்தது. அதை அடைக்க வங்கிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்று கெடு வைத்து 2025 செப்டம்பரில் விதி வந்தது.

தங்கை மகளின் போனில் இன்னொரு அந்நிய வரியும் அகப்பட்டது. நாடு என்ற இடத்தில் இந்தியா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உள்ளறையில் மாப்பிள்ளை, அதாவது அவள் அப்பா, தமிழ்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அப்பாவுக்காக டிவியில் அவளே தன் கார்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டது. இந்தியக் கடை, இந்திய டிவி, ஆனால் 24 மணி நேரச் செய்தி வரவில்லை. வராது. தட்ட வேண்டிய கடமை அட்டை கொடுத்த இந்திய வங்கிக்குத்தான், அட்டை அமெரிக்காவுடையது. தெரியாத வரி என்றால் வெளியே துப்பறியும் முன் வீட்டுக்குள் ஒரு சத்தம் கொடுத்துவிடுவது நல்லது. முக்கால்வாசித் திருடர்கள் உள்ளறையில்தான் இருப்பார்கள்.

யூபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில் வந்த பிறகு நம் சந்தாக்களில் நிறைய அங்கே நகர்ந்துவிட்டன. அவை பெரும்பாலும் கார்டு ஸ்டேட்மென்டில் வராது. ஆனால் யூபிஐ செயலிக்குள் மேண்டேட் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும், நிறுத்தவோ இடைநிறுத்தவோ இரண்டு தட்டல். கார்டு மேண்டேட்டுகளுக்கு வங்கியின் தளத்தில் தேட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது வங்கிக்கு வங்கி வேறு. அவள் வங்கிச் செயலியில் அப்படி ஒரு பட்டியலே இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு, அங்கே முற்பகல் ஆனதும், வரியில் இருந்த எண்ணையே அவள் அழைத்தாள். நம் ஊர் வரியில் எண் இல்லாததன் விளைவை இங்கே சொல்லிவிடுகிறேன். எண் இல்லாததால் நம்மவர்கள் கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடுகிறார்கள். அங்கே காத்திருக்கும் போலி ஆள் திரையைப் பகிரச் சொல்லி மீதிப் பணத்தையும் எடுத்துக்கொள்கிறான். 299-ஐத் தேடப் போய் 29,900 போவது இப்படித்தான். அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறு எதையும் நான் அழைப்பதில்லை.

அவளிடம் பேசிய பெண் சந்தாவை நிறுத்தி, கடைசி மாதத்து 14.99-ஐ மட்டும் திருப்புவதாகச் சொன்னாள். மீதி 89.94? வங்கியில் 'இது நான் செய்ததல்ல' என்று முறையிட்டால் கிடைக்கலாம் என்று அவள் தோழி வாட்ஸ்அப்பில் சொன்னாள். முறையீட்டுப் படிவத்தில் காரணம் கேட்பார்கள். 'நான் அனுமதிக்கவில்லை' என்பது ஒன்று, 'நிறுத்தச் சொன்ன பிறகும் எடுத்தார்கள்' என்பது வேறு. முதலாவது திருட்டுக்கு, அதைச் சொன்னால் அட்டையையே முடக்கி மாற்றுவார்கள், வியாபாரி அவள் பெயரும் மின்னஞ்சலும் உள்ள பதிவைக் காட்டினால் வழக்கு திரும்பும். இரண்டாவதைச் சொல்ல அவள் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொன்னதே இன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, "அடுத்த மாசம் 11-ஆம் தேதி பாக்குறேன், மறுபடி எடுத்தான்னா அப்ப இருக்கு" என்றாள்.

என் 299 என்ன என்று மின்னஞ்சலில் அந்தத் தொகையைத் தேடியபோது தெரிந்தது. மாலையில் நான் குறுக்கெழுத்துப் போடும் செயலி. ஒரு வருஷம் முன்பு ஓடிபி கொடுத்துச் சேர்ந்தவனும் நான்தான், அன்றாடம் திறப்பவனும் நான்தான். நிறுத்தவில்லை. ஸ்டேட்மென்டில் அந்த அறுந்த பெயருக்குப் பக்கத்தில், அம்மா மொய் நோட்டில் எழுதுவது போலப் பென்சிலால் எழுதி வைத்தேன்: பெங்களூரு, குறுக்கெழுத்து, மாதம் 299.